கடா ஏறிய கதை

தேவ்நார்க்காரனுக்கு மலை புதிதல்ல. எங்கள் கட்டிடத்து மொட்டைமாடியில் நின்றால் இரண்டு மலை தெரியும். ஆட்டோ பிடித்தால் மூன்றாவதும் பக்கம்தான்.

முதலாவது டிராம்பே மலை. சுமார் 300 மீட்டர் உயரம். மழைக்காலத்தில் பச்சையாகப் போர்த்திக்கொண்டு, தலையில் ஒரு துண்டு மேகத்தையும் வைத்துக்கொண்டு வா வா என்று கூப்பிடும். போக முடியாது, அடிவாரத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையம் உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது குப்பை மலை. 1927-இலிருந்து பம்பாய் தூக்கி எறிந்ததெல்லாம் இங்கே வந்து குவிந்த மலை. 2016 ஜனவரியில் அது பற்றியெரிந்தபோது புகையை நாசாவின் செயற்கைக்கோள் படம் பிடித்தது. எங்கள் ஏரியாவை இவ்வளவு அக்கறையோடு வேறு யாரும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. மூன்றாவது, செம்பூர் செடா நகர் முருகன் கோயில். 108 படி. கிருத்திகைக்குக் கிருத்திகை ஏறுவேன். நாற்பதாவது படியில் ஒரு முறை, எண்பதாவது படியில் ஒரு முறை, யாரோ போனில் கூப்பிட்டதுபோல நின்று 'ஹலோ, ஹலோ' என்பேன். 54 வயதில், 86 கிலோ எடையில், என் மலையேற்றத் தகுதி இவ்வளவுதான்.

இந்த நிலையில்தான் போன டிசம்பரில் அக்கா மகள் வந்து, "மாமா, வர்ற சனி ஞாயிறு நாங்க கடா ஏறப் போறோம், நீங்களும் வாங்களேன்" என்றாள்.

தேவ்நாரில் கடா என்றால் ஒரே அர்த்தம்தான். 1971-இல் வந்த ஆடறுக்கும் கூடம் எங்கள் பேட்டையின் அடையாளம். பக்ரீத் நெருங்கினால் ராஜஸ்தானிலிருந்தெல்லாம் லாரி லாரியாக ஆடு வந்து இறங்கும்; இரண்டு வாரத்துக்கு எங்கள் காற்றே கத்தும். "பக்ரீத்துக்கு இன்னும் ஆறு மாசம் கிடக்கே பாப்பா, அதுவும் கடா மேல எதுக்கு ஏறணும்?" என்று கேட்டேன்.

மராத்தியில் கடா என்றால் செங்குத்துப் பாறையாம். ஹரிச்சந்திரகட் கோட்டையில் கொங்கண் கடா என்று ஒன்று உண்டு, பாறை ஏறுகிறவர்களுக்கு அது சபரிமலை மாதிரி என்றாள். பெயரைக் கேட்டால் நல்ல ஜாதி ஆட்டு ரகம்போல இருந்தது. இவள் மூன்று வருஷமாக ஒரு பாறை ஏறும் கிளப்பில் இருக்கிறாள். பம்பாய்க்கு இதெல்லாம் புதிதில்லை. கிரிவிஹார் என்ற மலையேறிகள் சங்கம் 1954-இலேயே தொடங்கிவிட்டது. 2016-இல் பாறை ஏறும் உலகக் கோப்பைப் போட்டி ஒன்றே நவி மும்பையில் நடந்திருக்கிறது. கழிமுகப் பாலத்தைத் தாண்டினால் நவி மும்பை. அந்த வருஷமும் நான் அங்கே வாஷிக்குப் போனேன், மண்டியில் வெங்காயம் மலிவென்று. பக்கத்தில் உலகமே சுவரேறிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

இவர்கள் கிளப்பின் தலைவருக்கு 64 வயது. ஒல்லியான மராத்திக்காரர். எல்லாரும் அவரை 'காக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். மராத்தியில் சித்தப்பா. எனக்கோ ஒவ்வொரு முறை யாராவது "காக்கா!" என்று கத்தும்போதும் கை தானாகச் சோற்றுப் பொட்டலத்தைப் பொத்தும். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்களுக்கு என்னைவிடப் பத்து வயசு கம்மி" என்றார் இந்தியில். இது ஊக்கமா, குற்றச்சாட்டா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

போகிற இடம் ஹரிஹரேஷ்வர். ராய்கட் மாவட்டத்தில் ஸ்ரீவர்த்தனுக்குத் தெற்கே, சாவித்திரி ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில். கொங்கண் கரையில் மலை நேராகக் கடலுக்குள் காலை விட்டுக்கொண்டு நிற்கும் இடங்களில் ஒன்று. எங்கள் பக்கத்துக் கடல் வேறு ஜாதி. அது சேறும் அலையாத்தி மரமுமாக, பூநாரைகள் நின்று யோசிக்கும் கழிமுகம். கடல் என்று மரியாதையாகச் சொல்லலாமே தவிர, மோதிப் பார்க்க முடியாது.

ஹரிஹரேஷ்வர் என்ற பெயரில்தான் என் தலையெழுத்து இருந்தது. அங்கே கோயிலும் இருக்கிறது. தட்சிண காசி என்பார்கள். கோயிலுக்குப் பின்னால் இரண்டு பாறைச் சுவருக்கு நடுவே படி இறங்கி, கடலோரப் பாறைமேல் நடந்து, மலையையே சுற்றி வருவதுதான் பிரதட்சிணம். என் மனைவியிடம் போய், "பாப்பா கோயிலுக்குப் போறாளாம், துணைக்கு நான் போயிட்டு வரட்டுமா?" என்றேன். திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரி. கோயில், கடல் இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால் மறுக்க மாட்டாள்.

"பிரதட்சிணம் முழுசாச் சுத்திட்டு வாங்க. பாதியில நிக்காதீங்க" என்றாள். அவ்வளவுதான். இவ்வளவு சுலபமாக அனுமதி கிடைத்ததில் எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரைக்கு மான்கூர்டில் டெம்போ டிராவலர் வந்தது. உள்ளே பதிமூன்று பேர், பதினான்கு கயிறு. மும்பை - கோவா நெடுஞ்சாலையை 2011-இல் அகலப்படுத்த ஆரம்பித்தார்கள். அந்த வேலையின் எல்லாக் கட்டங்களையும் அன்றிரவே என் முதுகெலும்பு பார்வையிட்டது. தூங்க வழியில்லாததால் பாப்பா எனக்கு ஞானம் ஊட்டிக்கொண்டு வந்தாள். ஸ்காட்லாந்துப் பக்கம் ஹாய் என்றொரு தீவு. அதன் ஓரத்தில் கடலுக்குள் தனியாக நிற்கும் 137 மீட்டர் பாறைத் தூணை 'ஹாய்க் கிழவன்' என்பார்கள். 1966-இல் மூன்று பேர் முதல்முறையாக அதன் உச்சிக்கு ஏறினார்கள். மறு வருஷம் மறுபடி ஏறவைத்து, பிபிசி அதை நேரடியாக ஒளிபரப்பியது. ஊரே வீட்டில் உட்கார்ந்து பார்த்ததாம். 1967-இல் நம் ஊரிலும் ஜனங்கள் யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஆனால் அது வேறு மேடை.

மாண்காவில் டீ குடிக்கும்போதுதான் அவள் முக்கியமான விஷயத்தைச் சொன்னாள், பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி, அலட்சியமாக.

"மாமா, சாதாரண மலைன்னா கீழேருந்து மேல ஏறுவோம். பயமா இருந்தா இறங்கிடலாம். கடல் பாறையில அப்படியில்ல. மேலேருந்து கயித்துல கீழ இறங்குவோம். கீழ கடல். அப்புறம் ஏறித்தான் வெளிய வரணும்."

"பயமா இருந்தா?"

"ஏறித்தான் வெளிய வரணும்."

டீ ஆறிவிட்டது. மலையில் பயம் ஒரு வசதி, திரும்பிவிடலாம். இங்கே பயந்தவனும் வீரனும் ஒரே வழியில் ஏறியாக வேண்டும். காலை எட்டரை மணி கோவண்டி ரயில் வண்டி ஞாபகம் வந்தது. அதில் ஏறுவது உங்கள் விருப்பம். குர்லாவில் இறங்குவது கூட்டத்தின் விருப்பம்.

இதில் கடலின் விருப்பமும் ஒன்று உண்டு. மராத்தியில் நீர் ஏறுவதைப் பர்தி என்பார்கள், வற்றுவதை ஓஹோட்டி. காக்கா இதற்கு செல்போனில் ஒரு ஆப் வைத்திருந்தார். நான் என் பையிலிருந்து பாம்புப் பஞ்சாங்கத்தை எடுத்தேன். மழைக்காலத்தில் எப்போது ரோடு முழுகும் என்று தெரிந்துகொள்ள தேவ்நாரில் எல்லாரும் கற்றுக்கொள்ளும் கணக்கு இது: பம்பாய்ப் பக்கம் பௌர்ணமி, அமாவாசையன்று நண்பகல் வாக்கில் கடல் முழுசாக ஏறி நிற்கும், அப்புறம் நாளுக்குச் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும். வியாழன் பௌர்ணமி. ஆகவே சனிக்கிழமை ஒன்றே முக்கால் வாக்கில் பர்தி, காலை ஏழரை வாக்கில் ஓஹோட்டி. ஆப்பும் அதையேதான் சொன்னது. காக்கா பஞ்சாங்கத்தை வாங்கி, அட்டையில் இருந்த பாம்பை மரியாதையோடு பார்த்தார். அந்தப் பயணத்தில் நான் தலைநிமிர்ந்து இருந்தது அந்த அரை மணி நேரம்தான்.

ஏழரைக்குத் தண்ணீர் வற்றும், எட்டுக்கு இறங்க ஆரம்பித்தால் பத்துக்குள் எல்லாரும் ஏறிவிடலாம் என்பது திட்டம். அது என் வயிற்றைக் கலக்காமல் போட்ட திட்டம். முந்தின இரவுச் சாலையும் மாண்காவ் வடா பாவும் சேர்ந்து செய்த சதியில், நான் தயாராகி வந்தபோது மணி ஒன்பதே கால். இளவட்டங்கள் ஒன்றும் சொல்லவில்லை. கடலும் சொல்லவில்லை, அதன்பாட்டுக்குத் திரும்பி வர ஆரம்பித்திருந்தது.

கோயிலையும் பிரதட்சிணப் பாதையையும் விட்டுத் தள்ளி, பெயரில்லாத ஒரு பாறை. பதினெட்டு மீட்டர். ஆறு மாடி என்று மொழிபெயர்த்துக்கொண்டேன், செய்திருக்கக் கூடாது. கீழே கறுப்புப் பாறையில் உப்புக்காற்று குடைந்த குழிகள், தேனடை மாதிரி, சில இடத்தில் விரல் போகிற அளவு, சில இடத்தில் தேங்காய் வைக்கிற அளவு.

முதலில் உடை. இடுப்பிலும் இரண்டு தொடையிலும் பட்டை வைத்து இறுக்கிக் கட்டும் சமாச்சாரத்துக்கு ஹார்னெஸ் என்று பெயர். பேன்ட்டுக்கு மேல் கட்டிய கோவணம். மலைக்கும் கோவணத்துக்கும் என்ன சம்பந்தம் என்பது பழனியிலேயே தீர்மானமான விஷயம் என்பதால் நான் வாதாடவில்லை. அடுத்தது செருப்பு. இதைக் காலுக்குச் சரியான அளவில் போடக் கூடாதாம். விரல்கள் மடங்கி முன்னால் குவிய வேண்டுமாம். என் பத்து விரலும் கோவண்டி வண்டி மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. கடைசியாக இடுப்பில் ஒரு சின்னச் சுருக்குப்பை, உள்ளே வெள்ளை மாவு. கை வியர்க்காமல் இருக்கப் பூசிக்கொள்ளும் மெக்னீசியம் கார்பனேட். பார்வைக்குச் சுத்தமான திருநீறு.

அடுத்தது, கயிற்றை எதில் கட்டுவது என்ற கேள்வி. பாறையில் அடித்த போல்ட்டைக் கடற்கரையில் நம்பக் கூடாது என்றார் காக்கா. உப்புக்காற்று துருப்பிடிக்காத எஃகையும் உள்ளுக்குள் விரிசல் விடவைக்குமாம், வெளியே பளபளவென்று இருக்கும்போதே. தாய்லாந்துக் கடற்கரையில் இதனால் டைட்டானியம் போல்ட் அடிக்கிறார்கள் என்றார். இங்கே நாங்கள் கட்டியது ஒரு பாறாங்கல், ஒரு மரம், இன்னொரு பாறாங்கல். மூன்றையும் நாடாவால் இணைத்து பாரத்தைச் சமமாகப் பிரித்துவிட்டு, "மூணும் ஒரே நேரத்துல கைவிடாது" என்றார். மூன்று பேர் சேர்ந்தால் ஒரே ராத்திரியில் கட்சி மாற மாட்டார்கள் என்று மகாராஷ்டிரத்தில் ஒருவர் நம்புகிறார் என்றால் அவரிடம் அசாத்திய மனசு இருக்க வேண்டும்.

என் கயிற்றைப் பிடிப்பவள் பாப்பா. அவள் 48 கிலோ. நான் என் எடையை ஞாபகப்படுத்தினேன். "என்னையும் கல்லோட கட்டியிருக்கு மாமா, நான் பிரேக் மட்டுந்தான்" என்றாள். பிறந்த மூன்றாம் நாள் இவளை நான் ஒரு கையில் தூக்கியவன். கணக்கு இப்படியெல்லாம் திரும்பி வரும் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

இறங்குவது சுலபம் என்பார்கள். விளிம்பில் முதுகைக் கடலுக்குக் காட்டி நின்று, பின்னால் சாய வேண்டும். சாய்வு நாற்காலி இல்லாமல் சாய்வது. உடம்பில் ஒவ்வொரு எலும்பும் "வேண்டாம்" என்று கையெழுத்துப் போட்டு மனு கொடுக்கும். சாய்ந்தேன். எப்படி என்று கேட்காதீர்கள், கண் மூடியிருந்தது. திறந்தபோது கீழே ஒரு திண்ணை அகலப் பாறைத் தட்டில் நின்றுகொண்டிருந்தேன். மணி பத்தரை. இரண்டடி கீழே அலை வந்து 'ப்ளக்' என்று ஒரு குழிக்குள் புகுந்து, யோசித்து, வெளியே போனது.

அப்போதுதான் அந்த அம்மா வந்தார். எழுபது வயது இருக்கும். புடவையைக் கச்சமாகக் கட்டி, வெறுங்காலோடு, இடுப்பில் கூடை, கையில் சின்ன இரும்புக் கொத்தி. ஓஹோட்டி நேரத்தில் பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியைக் கொத்தி எடுக்கிறவர். எனக்குக் கீழ்த்தட்டு வழியாக, நான் செடா நகர் படியில் நடப்பதைவிடச் சாவகாசமாக நடந்து வந்தார். என் தலைக்கவசத்தைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். கோவணத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"பர்தி ஆலி, சல்" என்றார். தண்ணீர் ஏறுகிறது, வா போகலாம்.

அதாவது, அந்தத் தட்டு வழியாகப் பாறையைச் சுற்றி ஒரு பாதை இருக்கிறது! பயந்தவனுக்கென்று இயற்கையே விட்டுவைத்த சந்து. போயிருக்கலாம். ஆனால் மேலிருந்து பன்னிரண்டு தலைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. கயிற்றின் முடிச்சு வேறு என் எடையில் இறுகிப்போய், அவிழ்க்க எனக்குத் தெரியாது. "அவிழ்க்கத் தெரியவில்லை" என்று மராத்தியில் எப்படிச் சொல்வது என்பதும் தெரியாது. ஆகவே நான் கம்பீரமாகச் சுட்டுவிரலை மேலே காட்டினேன். அந்த அம்மா பாறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வந்த வழியே திரும்பினார். ஐந்து நிமிஷத்தில் அந்த வழியும் தண்ணீருக்குள் போனது.

முதல் மூன்று மீட்டர் நன்றாகவே போனது. தேனடைக் குழிகளில் விரலை விட்டால் பிடி கிடைத்தது. "கையால இழுக்காதீங்க, காலால ஏறுங்க" என்று மேலிருந்து காக்கா கரைந்தார். நாலாவது மீட்டரில் என் வலது கால் ஆட ஆரம்பித்தது. நடுக்கம் இல்லை, ஒரே சீராக, டகடகடகவென்று, குதிகால் மேலும் கீழும். பாறை ஏறுகிறவர்கள் இதைத் தையல் மெஷின் கால் என்பார்களாம். நான் தாராவியில் பிறந்தவன். சித்தப்பாவின் கடையில் பன்னிரண்டு மெஷின். அந்தத் தாளம் எனக்குத் தாலாட்டு. அதனால்தானோ என்னவோ, காலைப் பார்த்துக்கொண்டே ஒரு நிமிஷம் ஏறுவதை மறந்துவிட்டேன்.

என் மூக்குக்கு நேரே ஒரு குழி. உள்ளே ஒரு நண்டு. கட்டைவிரல் நகம் அளவு, பாறை நிறமே அதற்கும். இரண்டு கண்ணையும் குச்சிபோல நிமிர்த்தி என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். என் மூச்சுக்காற்று பட்டதும் வெளியே வந்து, பக்கவாட்டில் நாலு அடி வைத்து, அப்படியே செங்குத்தாக மேலே ஓடியது. ஹார்னெஸ் இல்லை, மாவு இல்லை. போகிற போக்கில், நான் அதுவரை பார்க்காத ஒரு பிளவுக்குள் புகுந்து காணாமல் போனது. நான் கையை அங்கே விட்டேன். முழுக் கையும் போயிற்று. அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான பயிற்சி அதுதான்.

கீழே அலை ஒன்று நான் நின்றிருந்த தட்டில் ஏறி, திரும்பிப் போக மறந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

"மாமா, ரெஸ்ட் வேணுமா?"

"வேண்டாம்!" என்றேன். ஓய்வெடுக்கக் கயிற்றில் தொங்க வேண்டும். தொங்குவதற்குக் கையை விட வேண்டும். விட்டால்தானே.

மீதியை வர்ணிக்க எனக்கு வார்த்தை இல்லை, அப்போதும் இருக்கவில்லை. முருகா என்ற ஒரே சொல்லைப் பல ராகத்தில் உபயோகித்தேன். வியர்வை கண்ணில் இறங்க இறங்க மாவுக் கையால் நெற்றியைத் துடைத்தேன். கடைசி ஒரு மீட்டரில் நான் ஏறினேனா, பாப்பாவும் இரண்டு பையன்களும் சேர்ந்து மூட்டையாக இழுத்தார்களா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நான் ஏறியதாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன். விளிம்பில் குப்புறக் கிடந்தபோது புல்லின் வாசனை வந்தது. காக்கா குனிந்து என் நெற்றியைப் பார்த்து, என்ன நினைத்தாரோ, கைகூப்பினார். யாரோ போட்டோ எடுத்தார்கள்.

அன்று மாலை கோயிலில் கும்பிட்டுவிட்டு, பிரதட்சிணத்தை ஞாயிறு காலைக்குத் தள்ளிப்போட்டேன். கணக்குப்படி எட்டே கால் எட்டரைக்குக் கடல் விலகும். விலகவும் செய்தது. என் தொடைகள்தான் விலக மறுத்தன. பாறை நடுவே இறங்கும் படிகளின் உச்சியில் நின்று, முதல் படியைப் பார்த்து, எங்கோ போன் அடித்ததுபோல "ஹலோ" என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை. சட்டை மாட்டக் கை மேலே போகவில்லை, மனைவிதான் மாட்டிவிட்டாள். அப்போது குடும்ப வாட்ஸப் குழுவில் பாப்பா அந்தப் போட்டோவைப் போட்டாள். மனைவி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"நெத்தி நெறய திருநீறு. நல்லாத்தான் இருக்கு. எந்தச் சந்நிதி இது?"

"பின்பக்கம்... கடல் பக்கத்துல ஒண்ணு."

"இடுப்புல என்ன கயிறு?"

"அது... அங்க அப்படித்தான் கட்டுவாங்க."

"ஓ. பிரதட்சிணம் முழுசாச் சுத்தினீங்களா?"

"தண்ணி வந்துட்டு."

அவள் போனை மேஜைமேல் வைத்தாள். என் காலர் பட்டனைப் போட்டுவிட்டாள்.

"பாதியில விட்டா ஆகாது. அடுத்த பௌர்ணமி தாண்டிப் போய் முடிச்சிட்டு வந்திருவோம். நானும் வாரேன். அவகிட்டச் சொல்லி எனக்கும் ஒரு கயிறு எடுத்துவைக்கச் சொல்லுங்க. செருப்பு மட்டும் என் அளவுக்கு வேணும்."